பயிற்சி இடமும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எட்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறேன். நெடுந்தூர ஓட்டம் பற்றி நீங்கள் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசித்து வருவதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

சென்ற செப்டம்பரில் ஒரு நிறுவனம், ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரலில் நடைபெறும் லண்டன் மாரத்தானில் இடமும் அதற்கு முன் ஐந்து மாதப் பயிற்சியும் தருவதாக அறிவித்தது. நேர்முகத் தேர்வுக்கு இருபது பேரை அழைத்தார்கள். அந்த இருபது பேரும் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் எப்படியோ நண்பர்களாகிவிட்டோம். முழங்கால் வலி, மழையில் ஓடுவது, விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்று நாள்தோறும் பேசிக்கொண்டோம். அவர்களில் ஒருவர் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. என் ஊரிலேயே இருப்பதால் ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து ஓடினோம். தொடக்கத்தில் வேகமாக ஓடி நடுவில் களைத்துப்போகும் என் பழக்கத்தை மாற்றியவர் அவர்தான். முடிவில் எனக்கு இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. முதலில் வாழ்த்தியவரும் அவரே.

அன்றிலிருந்து அவரை நேரில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்களிடையே இருந்தது உண்மையான தோழமைதானா, அல்லது முடிவு தெரியும்வரை நீடித்த நாகரிகம் மட்டும்தானா? என் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது சரியாக இருக்குமா?

அன்புடன்,
ச., ரெடிங்

*

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுக்கொடுக்காதீர்கள். லண்டன் மாரத்தானில் ஒருவர் பெயரில் பதிவான எண்ணை இன்னொருவர் அணிந்து ஓட விதிகள் இடம் தருவதில்லை. வழியில் யாரேனும் மயங்கி விழுந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் அவர் யார், அவருக்கு என்ன நோய், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மருத்துவக் குழு பார்க்கிறது என்பதால், இது வெறும் அலுவலக விதியும் அன்று. உங்கள் போட்டியை நடத்தியவர்கள் ஒருவேளை பெயரையே மாற்றித் தர முன்வந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். உங்களிடமிருந்து வந்த இடம் என்ற எண்ணம் அந்த அம்மையாருக்கு ஐந்து மாதமும் கூடவே வரும். குளிர்காலப் பயிற்சியில் ஒருநாள் சோர்ந்து வீட்டிலேயே இருந்துவிட அவருக்கு உரிமை வேண்டும். நீங்கள் கொடுத்த இடத்தில் ஓடும்போது அந்த உரிமை அவருக்கு இருக்காது.

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது.

நீங்கள் பெற்ற இடம் எவ்வளவு அரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1981 மார்ச் 29 அன்று முதல் லண்டன் மாரத்தான் நடந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் 7,747 பேருக்கு இடம் கிடைத்தது. ஏறக்குறைய ஐவரில் இருவர். 2026 ஆம் ஆண்டு ஓட்டத்துக்கான பொதுக் குலுக்கலில் 11 லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்திருந்தார்கள். 2025 இல் ஓடி முடித்தவர்களின் எண்ணிக்கை ஐம்பத்தாறாயிரம் அளவில் இருந்தது, இடங்களில் பெரும் பகுதி அறக்கொடை நிறுவனங்கள் வழியாக நிதி திரட்டி ஓடுபவர்களுக்குப் போகிறது. ஆகவே “அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்கள் தோழியிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் இழந்தது பெரியது. அதைச் சிறியதாக்கிப் பேசும் ஆறுதல், அவர் பட்ட ஆசையையும் சேர்த்தே சிறியதாக்கிவிடும்.

ஆனால் அரியதாக இருப்பது இடம் மட்டுமே. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தூரத்தில் யாருக்கும் பங்கு குறைவதில்லை. சாதாரண ஓட்டக்காரர் ஒருவர் நான்கரை மணி நேரத்தில் முடித்தால், ஐந்து மணி நேரத்தில் முடிக்கும் இன்னொருவரிடமிருந்து அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தபோது அந்த அம்மையார் தேர்வில் தன் வாய்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டிருக்கலாம், ஓட்டக்காரர் என்ற முறையில் அவர் இழந்தது ஒன்றுமில்லை. இருபது பேரும் இந்த இரண்டு நிலைகளிலும் ஒரே நேரத்தில் இருந்தீர்கள். தேர்வு என்று வந்தபோது போட்டியாளர்கள், தெருவில் இறங்கி ஓடியபோது உடன் ஓடுபவர்கள். இதில் ஒன்று மெய், மற்றது பாசாங்கு என்று பிரிக்க வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொல்லும்போது, லண்டன் மாரத்தானைத் தோற்றுவித்த கிறிஸ் பிரேஷரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலில் கடந்தார். அந்த ஓட்டத்தின் முதல் பாதியில் முன்னால் ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்திக் கொடுத்தவர் பிரேஷர். அவருக்குப் பின் கிறிஸ் சாட்டவே அந்தப் பணியை ஏற்றார். தன் மூச்சைச் செலவிட்டு இன்னொருவரின் சாதனையைச் சாத்தியமாக்கிய மனிதராகவே பிரேஷரை அன்று உலகம் அறிந்தது.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பிரேஷர் முதலாவதாக வந்தார். கடைசிச் சுற்றில் ஒரு தடையைத் தாண்டும்போது நார்வே வீரர் எர்ன்ஸ்ட் லார்சனை இடித்தார் என்று கூறி நடுவர்கள் அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் இரண்டாவதாக வந்த ஹங்கேரி வீரர் சாந்தோர் ரோஷ்ன்யோயிக்குத் தங்கமும், மூன்றாவதாக வந்த லார்சனுக்கு வெள்ளியும், நான்காவதாக வந்த ஜெர்மனியின் ஹைன்ஸ் லாவ்ஃபருக்கு வெண்கலமும் கிடைத்திருக்கும். வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அந்த மூவரும் பிரேஷரின் பக்கம் நின்றார்கள். இடிபட்டதாகச் சொல்லப்பட்ட லார்சனே அது தன் ஓட்டத்தைப் பாதிக்கவில்லை என்றார். மேல்முறையீட்டில் தங்கப் பதக்கம் பிரேஷருக்கே திரும்பியது. லாவ்ஃபர் பதக்கம் எதுவுமின்றி ஊர் திரும்பினார். எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகப் பெரியவராகத் தோன்றுபவர் அவர்தான், ஏனெனில் மற்ற இருவருக்கும் ஏதோ ஒரு பதக்கம் உறுதியாக இருந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் தர முடியாது. இவர்கள் ஒரே பதக்கத்துக்குப் போட்டியிட்டவர்கள், ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை உள்ளிருந்து அறிந்திருந்ததாலேயே இன்னொருவர் அதைத் தவறான தீர்ப்பால் இழப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று நான் நம்புகிறேன். உங்கள் தோழி முதலில் வாழ்த்தியதை நாகரிகம் என்று நீங்கள் எண்ண வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்து நீங்கள் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மெல்போர்னின் அதே இறுதிப் போட்டியில் ஆறாவதாக வந்த ஜான் டிஸ்லியும் பிரேஷரும் 1979 இல் நியூயார்க் மாரத்தானில் ஓடினார்கள். பல இனத்தவரும் பல வயதினரும் சிரித்துக்கொண்டும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டும் ஓடிய அந்தக் காட்சியைப் பிரேஷர் அப்சர்வர் என்ற லண்டன் ஞாயிறு இதழில் எழுதி, இப்படியொரு திருவிழாவை லண்டனால் நடத்த முடியுமா என்று கேட்டார். பதினேழு மாதங்களில் இருவருமாக அதை நடத்திக் காட்டினார்கள். மழை பெய்த அந்த முதல் நாளில், முன்னணியில் ஓடிய அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கெ சிமோன்சனும் கைகோத்தபடி ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைக் கடந்தார்கள். நீங்கள் ஏப்ரலில் ஓடப்போவது அந்த ஓட்டத்தைத்தான்.

இனி எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில் உங்கள் பகுதியிலேயே ஓர் ஓட்டக் கழகத்தில் உறுப்பினராக இருந்தேன். பதிவு பெற்ற கழகங்களுக்கு, உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து, லண்டன் மாரத்தானில் ஓரிரு இடங்கள் தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொதுக் குலுக்கலில் இடம் கிடைக்காத உறுப்பினர்களின் பெயர்களை ஒரு தொப்பியில் போட்டு, டிசம்பர் விருந்தில் எடுப்பார்கள். அந்த ஆண்டு எங்களுக்கு இரண்டு இடங்கள், தொப்பியில் பதினொரு பெயர்கள். என்னோடு இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஓடிய நண்பரின் பெயர் வந்தது. நான் கைதட்டினேன், அவரைக் கட்டிக்கொண்டேன், இரண்டையும் மனதாரவே செய்தேன். ஆனாலும் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருமல் என்று சொல்லி நான் ஓடப் போகவில்லை. என் வாழ்த்தும் உண்மை, என் வருத்தமும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. வருத்தப்படுவதால் என் வாழ்த்து பொய்யாகிவிட்டது என்றெண்ணி வெட்கப்பட்டே ஒதுங்கியிருந்தேன். நான்காவது சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: காலை எட்டு மணி, பாலத்தருகே. நலமா, கோபமா என்ற விசாரணை எதுவும் அதில் இல்லை. நான் போனேன். அன்று இருபத்தொன்பது கிலோமீட்டர் ஓடினோம். இருமலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஏப்ரலில் கேனரி வார்ஃப் அருகே, முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி, கையில் ஆரஞ்சுச் சுளைகளோடு நான் அவருக்காக நின்றேன். அந்த இடத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். உடலில் சேமித்திருந்த சர்க்கரை தீர்ந்து கால்கள் கனக்கத் தொடங்குவது பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான்.

இப்படிப்பட்ட குழுக்கள் உடைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறாமையால் உடைவது மிக அரிது. இடம் கிடைத்தவர் கூச்சத்தால் பேசாமலிருக்கிறார், கிடைக்காதவர் தன் வருத்தம் தெரிந்துவிடுமோ என்று பேசாமலிருக்கிறார், இருவரும் மற்றவர் தன்னைத் தவிர்க்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிப்ரவரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. உங்கள் கூச்சம் நல்ல மனத்திலிருந்து வருகிறது என்பதை அறிவேன். ஆனால் உங்கள் தோழியின் வீட்டில் அது வெறும் மௌனமாகவே போய்ச் சேரும். முதலில் அழைக்க வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் இடம் உங்களிடம் இருக்கிறது.

நெடுந்தூர ஓட்டத்தில் நட்பு ஏன் இவ்வளவு விரைவாக வேர்விடுகிறது என்பதற்கு உடல் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட ஓட்டத்தை மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். அந்த வேகத்தில்தான் இதயமும் தசைகளும் நீண்ட நேரம் உழைக்கப் பழகுகின்றன. ஆகவே மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே ஓடுவது பயிற்சியின் ஒரு பகுதியே. பக்கத்தில் ஓடுவதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, உங்கள் இருவரையும் அவ்வளவு விரைவில் நெருங்க வைத்தவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். தேம்ஸ் கரையில் சோனிங்கிலிருந்து ஹென்லி பக்கம் போகும் பாதையில், மேய்ச்சல் நிலத்து மாடுகள் வெளியேறாதபடி ஒருவர் மட்டுமே நுழையும் சிறு கதவுகள் வைத்திருப்பார்கள். முன்னால் போகிறவர் அந்தக் கதவைப் பிடித்தபடி நிற்பார். வேகமானவர்கள் திரும்பி ஓடிக் கடைசி ஆளைத் தொட்டுவிட்டு மறுபடியும் முன்னால் போவார்கள். அன்றைய கணக்கில் அவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கும், அதைக் குறையாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

நடைமுறையாகச் சில சொற்கள். உங்களுக்குத் தரப்படும் பயிற்சி அட்டவணையை அப்படியே உங்கள் தோழிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் வயதையும் வேகத்தையும் பழைய காயங்களையும் பார்த்துப் போடப்படுவது. ஐம்பத்திரண்டு வயதில் கடினமான ஓட்டத்துக்குப் பின் உடல் தேறக் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். ஆனால் பயிற்சியாளர் சொல்லும் காரணங்களை எல்லாம் சொல்லுங்கள்: மெதுவான நாளில் ஏன் மெய்யாகவே மெதுவாக ஓட வேண்டும், கடைசி மூன்று வாரங்கள் தூரத்தை ஏன் குறைக்க வேண்டும், ஓட்டத்தின் நடுவே எப்போது உண்ண வேண்டும் என்பவற்றை. அவருக்கு ஓர் இலக்கும் வேண்டும். மான்செஸ்டர், பிரைட்டன் போன்ற நகரங்களின் ஏப்ரல் மாரத்தான்களில் குலுக்கல் இல்லாமலே பதிவு செய்து ஓடலாம். அவர் விரும்பினால் உங்கள் இருவரின் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உச்சத்துக்கு வரும்.

அவர் விரும்பாமலும் போகலாம். இந்த ஆண்டு எனக்கு ஓட்டமே வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். ஓடாதவருக்கும் இதில் இடம் இருக்கிறது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன் ஹியூவிட் என்பவர், காயத்தால் தன்னால் ஓட முடியாத காலத்தில், நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக அவர்களை ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொல்லி நேரம் குறித்தார். பதின்மூன்று பேர் ஓடினார்கள். இன்று உலகெங்கும் சனிக்கிழமை காலைகளில் கட்டணமின்றி நடக்கும் பார்க்ரன் அங்கே தொடங்கியது. உங்கள் தோழி மிதிவண்டியில் உடன் வந்து தண்ணீர் கொடுக்கலாம், இல்லையென்றால் ஓட்டம் முடிந்தபின் தேநீருக்கு மட்டும் வரலாம்.

இந்தப் பதில் உங்களுக்குக் கிடைக்கும்போது வார நடுவாக இருக்கும். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே அவருக்கு எழுதுங்கள். விளக்கமோ மன்னிப்போ வேண்டியதில்லை, நேரமும் இடமும் போதும்.

அன்புடன்.