மியான்மரின் யாங்கூன் நகரிலுள்ள காரவெய்க் உணவகத்தில் நடனம் பார்த்தபடி சாப்பிடலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

அவசியம் போகலாம். கண்டவ்ஜி ஏரியில் தங்க நிறத்தில் மின்னும் காரவெய்க், 1970களில் பர்மிய அரச படகின் சாயலில் எழுப்பப்பட்ட கான்கிரீட் கட்டடம். முகப்பில் இனிய குரலுக்குப் பேர்போன புராணப் பறவைகள் இரண்டு. பெரும்பாலும் பஃபே முறைதான்.

மேடைக்கு அருகில் இடம் கேளுங்கள். உணவைவிட எனக்குப் பெரிதாகப்படுவது சைங் வைங் என்ற பர்மிய மரபு இசைக்குழு. வட்டமான சட்டத்துக்குள் அமர்ந்து 21 மத்தளங்களை ஒரே கலைஞர் வாசிப்பார். மத்தளத்தின் முகத்தில் சோறும் சாம்பலும் குழைத்த பசையைப் பூசிச் சுருதி சேர்ப்பார்கள். நம் மிருதங்கத்தில் பூசும் ரவைப் பசை சட்டென நினைவுக்கு வரும்!

நடனத்தில் முழங்கையும் மணிக்கட்டும் வெடுக்கென மடங்குவதைப் பாருங்கள். பொம்மலாட்டத்தின் சாயல் அது. மனிதரே நூலில் ஆடும் பொம்மையாக மாறும் ஆட்டம் இருந்தால் தவறவிடாதீர்கள். அதற்கு ஈடு இல்லை.

சாப்பாட்டில் லபெட் தோக் இருந்தால் முதலில் அதை எடுங்கள். ஊறவைத்த தேயிலையுடன் வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள் கலந்தது. துவர்ப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்து வரும். தேங்காய்ப்பால் நூடுல்ஸான ஓன்னோ காவ்ஸ்வேயும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஆட்டம் தொடங்குமுன் தட்டை நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்.