வீடு வரை துரத்தும் மானிட்டர் சத்தம்

கேள்வி: எனக்கு 28 வயது. தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். வாரத்துக்கு ஐந்து நைட், இரவு 8 முதல் காலை 8 வரை. வீட்டுக்கு வந்து படுத்தால் மானிட்டர் சத்தம் காதிலேயே நிற்கிறது. ‘அந்த சிரிஞ்சை மாற்றினேனா, ஆன்டிபயாடிக் போட்டேனா’ என்று பதறி எழுந்து வார்டுக்குப் போன் செய்கிறேன். ஒருநாள் மூன்று முறை செய்துவிட்டேன். போன மாதம் ஒரு நோயாளி இறந்தார். அரை மணி நேரத்தில் அதே பெட்டுக்கு அடுத்த அட்மிஷன். அவர் முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தோழி ஒருத்தி தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறாள். தியானம் கற்றுக்கொண்டால் சரியாகுமா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தியானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தூக்கம் கெடத் தொடங்குவது காலை ஏழு ஏழரைக்கு, அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கும், அதாவது ஓவர் கொடுக்கும் நேரத்தில். அதை முதலில் சரிசெய்வோம்.

இரவு முழுக்க ஓடியாடி, பி.பி., யூரின் அளவையெல்லாம் கிளவுஸ் பெட்டி அட்டையிலும் உள்ளங்கையிலும் கிறுக்கி வைத்து, ஏழு மணிக்கு மொத்தமாகச் சார்ட்டில் ஏற்றுவது பல இடங்களில் நடப்பதுதான். களைத்த மூளைக்குச் செய்ததும் செய்ய நினைத்ததும் ஒன்றுபோலத் தெரியும். பத்து மணிக்குப் படுக்கையில் வரும் சந்தேகத்துக்கு விதை அங்கே விழுகிறது. மருந்து போட்ட கையோடு, அந்த பெட் பக்கத்திலேயே நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பிறகு சார்ட்டைப் பார்த்தாலும் உங்களுக்கே நம்பிக்கை வராது.

நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி ‘நாலாம் பெட் எல்லாம் ஓகே’ என்று ஓவர் சொன்னால், சொன்னவர் மனதிலும் எதுவும் பதியாது. அடுத்த சிஸ்டரை பெட்டுக்கே அழைத்துப் போய், தலையிலிருந்து கால் வரை இருவரும் சேர்ந்து பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் ட்யூப் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, எந்த லைனில் எந்த மருந்து போகிறது, வடிகால் குழாய், யூரின் பேக், முதுகுத் தோல். மருந்தை அளவாகச் செலுத்தும் சிரிஞ்சு பம்ப்பில் மருந்தின் பெயர், எவ்வளவில் கலந்தது, மணிக்கு எத்தனை மில்லி, சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு. காலை எட்டு மணிக்கு, பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து மணிக்கு 5 மில்லி போகிறது, 10 மில்லி மிச்சம் இருக்கிறது என்றால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ‘பத்து மணிக்குக் காலியாகும், ஒன்பதரைக்கே அடுத்ததைத் தயாராக வையுங்கள்’ என்று நேரத்தோடு சொல்லுங்கள். 2 மில்லி மிச்சம் வைத்துக்கொண்டு ஓவர் கொடுக்க வேண்டாம். வந்தவர் வேறு பெட்டில் இருக்கும்போது சிரிஞ்சு தீர்ந்தால், சில நிமிடங்களில் பி.பி. சரிந்துவிடும். இப்படிப் பார்க்க ஒரு பெட்டுக்கு நாலைந்து நிமிடம் ஆகும். முதல் வாரம் கூட இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

வீட்டில் சந்தேகம் வந்தால்? நிஜமாகவே ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தால் உடனே ஒரே ஒரு போன், அது கடமை. ‘சும்மா உறுதி செய்துகொள்ள’ என்றால் வேண்டாம். ஒவ்வொரு போனும் பத்து நிமிட நிம்மதியைக் கொடுத்து, அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பதற்றம் உச்சிக்குப் போய், அதுவே மெல்ல இறங்கும். நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மானிட்டர் சத்தத்தைக் குறைக்கவும் வழி உண்டு. அலாரங்களில் பெரும்பாலானவை பொய் அலாரம். இசிஜி ஸ்டிக்கர் காய்ந்துபோயிருக்கும், அல்லது வியர்வையில் விட்டுப்போயிருக்கும். தினம் ஒருமுறை தோலை சோப்பும் தண்ணீரும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டுப் புதிது ஒட்டுங்கள். விரல் ஜில்லென்றிருந்தால் ஆக்சிஜன் புரோபை வேறு விரலுக்கு மாற்றுங்கள். அலாரம் எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்றபடி டாக்டரிடம் கேட்டு அமையுங்கள். அலாரத்தையே அணைத்து வைப்பது மட்டும் கூடாது.

தூக்கத்துக்கு வருவோம். இரவு 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பிரேக்கில் 20 நிமிடம் கண்ணயரலாம். அரை மணியைத் தாண்டினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், அந்த மந்தம் தெளியாமல் மருந்தைத் தொடாதீர்கள். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு ரொம்பவும் சோர்ந்திருக்கும் நேரம். அப்போது போடும் டோஸ் கணக்கை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கண் சொருகினால் ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். வெயில் முகத்தில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும், அதனால் கூலிங் கிளாஸ் போடுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். மதியம் மூன்று வரை எழுப்பக் கூடாது என்று வீட்டில் நேரம் குறித்துச் சொல்லிவிடுங்கள். ‘கொஞ்சம் தூங்கணும்’ என்று சொன்னால் பதினோரு மணிக்குக் குக்கர் விசில் கேட்கும்.

வாரத்துக்கு ஐந்து நைட், அதுவும் 12 மணி நேரம் என்பது அதிகம். தொடர்ந்து மூன்றுக்கு மேல் போடாமல் பிரித்துத் தரும்படி இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு வென்டிலேட்டரை ஒருவரே பார்த்த இரவுகளையும் தேதியோடு குறித்துக்கொடுங்கள். ஆள் பற்றாமல் வரும் களைப்புக்கு உங்கள் மனதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இறந்தவரைப் பற்றி: அவருக்காக ஒரு நிமிடம்கூட நிற்க உங்களை விடவில்லை, அதனால்தான் அந்த முகம் போகாமல் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. இறப்பு நேர்ந்ததும், சுற்றி இருக்கும் எல்லோரும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள். இதை நீங்களும் செய்யலாம். உடலைத் துடைக்கத் தொடங்கும் முன் அவர் பெயரைச் சொல்லி, கூட இருக்கும் சிஸ்டரோடு ஒரு நிமிடம் நில்லுங்கள். போன மாதம் இறந்தவருக்காக அன்று உங்களோடு டியூட்டியில் இருந்தவரிடம் பேசுங்கள்.

தோழி கொடுத்த மாத்திரை வேண்டாம். தூக்க மாத்திரைகளில் பல, பழகினால் விடாது. டியூட்டி நேரத்திலும் மயக்கம் தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.