“உன்னையா அடிச்சார்?”

கேள்வி: எனக்கு 33 வயது. சின்ன வயதில் அப்பா பாண்டி எல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். வாசலில் வண்டி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் பீரோ சந்தில் ஒளிந்துகொள்வோம். லீவுக்கு நெல்லிக்குப்பம் ஆயா வீட்டுக்குப் போனால்தான் நிம்மதியாகத் தூங்குவேன். என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், அதட்டிப் பேசியதுகூட இல்லை. ஆனாலும் அவர் கேட்டைச் சாத்தினால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. போன மாதம் சாம்பாரைக் கொட்டிவிட்டான் என்று ஆறு வயது மகனை அறைந்துவிட்டேன். அவனும் பீரோ சந்துக்குத்தான் ஓடினான். நானும் அப்பா மாதிரி ஆகிவிட்டேனா? அப்பா இப்போது பக்கவாதம் வந்து தம்பி வீட்டில் இருக்கிறார். ‘உன்னையா அடிச்சார்? பழசை மறந்துட்டு வந்து பாரு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
(பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் உங்கள் அப்பா இல்லை. ஒரு அறைக்காக ஒரு மாதமாக உறக்கமில்லாமல் தவித்து, யாரிடமாவது கேட்டாக வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பை நம்புங்கள்.

சுனாமி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடல் இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் எழுந்து உட்காருகிற ஒருவரைப் பார்த்து நம் ஊரில் யாரும் ‘உன்னையா அடிச்சிட்டுப் போச்சு?’ என்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்குள் நடந்த கொடுமைக்கு மட்டும் அந்த இரக்கம் கிடைப்பதில்லை. இது எனக்கு எப்போதும் ஆறாத கோபம்.

சொந்தக்காரர்கள் கேட்பது தவறான கேள்வி. 1990-களில் அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவம் பற்றி விசாரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிள்ளையைப் பாதிக்கிற அனுபவங்களின் பட்டியலில், தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்ததையும் தனியாகவே சேர்த்திருந்தார்கள். அடி விழுந்தது அம்மா மேல்தான் என்றாலும் பயந்து நடுங்கியது உங்கள் உடம்பும்தானே? தினமும் ஆபத்தை எதிர்பார்த்தே வளர்ந்த குழந்தையின் மூளை, சத்தம் கேட்டதுமே அபாய மணி அடிக்கப் பழகிவிடுகிறது. வந்திருப்பது யார் என்று அறிவு யோசிப்பதற்குள் உடம்பு பதறிவிடும். ‘மறந்துவிடு’ என்று சொன்னால் அது கேட்காது.

ஆனால் புதிதாகப் பழகிக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் விஷயத்தை முழுசாகச் சொல்லி, கேட்டைத் திறக்கும் முன்பே வெளியிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதும் படபடப்பு வந்தால் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கண்ணில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். ‘இது என் வீடு, வந்திருப்பது என் வீட்டுக்காரர்’ என்று வாய்விட்டே சொல்லலாம். ஒரே நாளில் சரியாகாது, விடாமல் செய்யுங்கள்.

அப்புறம், ஆயா வீட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குக் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, சண்டை எனப் பல கஷ்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு மாறாத அன்பு காட்ட ஒருவராவது இருந்தார், பல பேருக்கு அது தாத்தாவோ பாட்டியோதான். இளவயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதில் மீண்டுவந்தார்கள். உங்களுக்கு ஒன்றும் காலம் கடந்துவிடவில்லை.

உங்கள் மகனுக்கு அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். இன்றைக்கே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. நீ பயந்துட்டேல்ல? உன் மேல தப்பு இல்லை’ என்று சொல்லுங்கள். ‘ஆனா நீயும் சாம்பாரைக் கொட்டலாமா’ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பெரியவர்கள் தவறை ஒத்துக்கொள்வார்கள் என்பதே உங்களுக்குக் கிடைக்காத ஒன்று, அவனுக்குக் கிடைக்கட்டும். இனி கோபம் தலைக்கேறினால் முதலில் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, குழாயடியில் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

இதை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டாம், மருத்துவ உதவியும் தேவை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் நள்ளிரவானாலும் உடனே கூப்பிடுங்கள். நேரில் பார்க்க, புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சிறுவயதில் நடந்தது பாதித்திருக்கிறது, மனம்விட்டுப் பேசிப் பெறும் மனநல சிகிச்சை வேண்டும் என்று கேளுங்கள். பயத்தை எழுப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மெல்ல மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சி.பி.டி.) போன்ற முறைகள் இதற்கு இருக்கின்றன. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை.

அப்பா விஷயம். மன்னித்தால்தான் ஆறும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. மருந்துச் செலவுக்குப் பணம் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். போய்ப் பார்ப்பதா, மன்னிப்பதா என்பதெல்லாம் வேறு. மனம் தெளிகிறபோது அதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் தம்பியிடம் பேசத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சந்தில் உங்களோடு ஒளிந்திருந்தவர், இன்று அதே மனிதருக்கு உணவு ஊட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் இதையெல்லாம் பேச உங்களை விட்டால் ஆள் கிடையாது.