பொங்கல் வாழ்த்து அட்டையைக் கையால் செய்வது: கேள்வி பதில்

கையால் செய்யும் பொங்கல் வாழ்த்து அட்டை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அலங்காரம் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் மடிப்பிலும் பசையிலும்தான். அதனால் அந்த இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து: மேடம், ஏ4 அளவு கெட்டி அட்டையை நடுவில் மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை நார் தெரிகிறது. இன்னும் விலை கூடின அட்டையாக வாங்கணுமா?

வேண்டாம். வெடிப்பதற்குக் காரணம் நார் ஓடும் திசை. மில்லில் காகிதம் ஓடிவரும்போது நார்கள் ஒரே பக்கமாகப் படிகின்றன. அந்தத் திசையோடு சேர்த்து மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் நார் உடையும். அட்டையை மடிக்காமல் கையால் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் இளகி வளைகிறதோ அதுதான் மடிக்க வேண்டிய பக்கம்.

ஏ4 தாள்களில் நார் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். முழுத் தாளையும் பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதே தாளை முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்துப் பாருங்கள். மடிப்பு நாரோடு ஒத்துப்போகும். ஒரு தாளில் 148 × 105 மி.மீ. அளவில் இரண்டு அட்டை கிடைக்கும், தபால் உறைக்கும் அதுவே நல்ல அளவு.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்தணும். எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். அடியில் நாலைந்து செய்தித்தாளை விரித்து, ஒரே இடத்தில் இரண்டு தடவை இழுங்கள். மூன்றாவது தடவை இழுத்தால் மேல்தோல் கிழியும். பள்ளம் விழுந்த பக்கம் அட்டைக்கு வெளிப்புறம், புடைத்த பக்கம் உள்புறம். பலரும் பள்ளத்துக்குள்தான் மடிக்கிறார்கள். அப்படி மடித்தால் வெளிப்புறம் இழுபட்டு மறுபடியும் வெடிக்கும்.

சேலத்திலிருந்து: ஃபெவிகால் வைத்து வண்ணத்தாள் ஒட்டினால் மேடும் பள்ளமுமாக எழும்புதே, ஏன்?

பசையில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். ஈரம் பட்டதும் நார் உப்பித் தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. மெல்லிய தாள் கெட்டி அட்டையைவிட அதிகம் விரிவதால் அலை அலையாக நிற்கிறது. முனையிலிருந்து பிதுக்கி வட்டம் வட்டமாகச் சுற்றுவதை விட்டுவிடுங்கள். பசையை ஒரு மூடியில் ஊற்றி, தட்டைப் பிரஷால் கெட்டியான அட்டையின் மேல் மெல்லிசாக இழுத்துவிட்டு, அதன்மேல் தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தேயுங்கள். தண்ணீர் கலக்கவே கூடாது. பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அவசரப்பட்டு அரைமணியில் எடுத்தால் வளையும்.

சிறிய துண்டுகளுக்கு குச்சிப் பசை போதும். சரிகை, ரிப்பன் மாதிரி கனமானவற்றுக்கு இரட்டைப் பக்க டேப். மைதா பசை காய்ச்சலாமா என்றும் இவரே கேட்டிருக்கிறார். பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் எடுத்து வைத்துப் பத்து வருஷம் கழித்துப் பார்க்கும் அட்டைக்கு வேண்டாம், இராமபாணப் பூச்சி அரிக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். குழந்தைகள் தொடும் பொருளில் அது இருக்கவே கூடாது.

மதுரையிலிருந்து: திறந்தால் பொங்கல் பானை எழுந்து நிற்கிற மாதிரி செய்தேன். மூடினால் பானையின் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது அக்கா.

கணக்கைச் சொல்கிறேன். அட்டைக்குள் ஒட்டப்போகும் 148 × 210 மி.மீ. உள்தாளை 105-இல் மடித்து, மடிப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். மடிப்பின் நடுப்பகுதியில் 30 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு வெட்டு. ஒவ்வொன்றும் மடிப்பிலிருந்து 25 மி.மீ. நீளம். இரண்டும் கொஞ்சமும் கூடக்குறைய இருக்கக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பானை சாய்ந்துதான் நிற்கும். வெட்டு முடியும் இடத்தில் கோடு அழுத்தி, அந்தப் பட்டையை உள்ளே தள்ளுங்கள். அட்டையைத் திறக்கும்போது சிறிய படிக்கட்டு மாதிரி வரும். அதன் முன்முகத்தில் பானையை ஒட்டுங்கள்.

மூடும்போது பானையின் அடி மடிப்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கும், அங்கிருந்து அதன் முழு உயரமும் ஓரத்தை நோக்கிப் படுக்கும். வெட்டின் நீளமும் பானையின் உயரமும் சேர்ந்து 105-க்குள் அடங்கணும். 25 போக மிச்சம் 80. ஓரத்தில் 5 விட்டால் பானை, பொங்கி வழியும் நுரை, பக்கத்துக் கரும்பு எல்லாம் சேர்த்து 75 மி.மீ. உயரம்தான். உங்கள் பானை அதைத் தாண்டியிருக்கும். கரும்பை உயரமாகக் காட்டணும் என்றால் வெட்டை 15 ஆகக் குறையுங்கள், 85 மி.மீ. கிடைக்கும். முன்முகத்துக்கு மட்டும் பசை, மேல்முகத்தில் ஒரு சொட்டு பட்டாலும் மூடாது.

இந்த உள்தாள் 160 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் போதும். வெளி அட்டையில் ஒட்டும்போது வெட்டுக்கு நேர் பின்னால் பசை படாமல் விடணும்.

கும்பகோணத்திலிருந்து: அட்டையில் கோலம் போடணும். கோலமாவையே பசையில் தூவலாமா?

வேண்டாம். கல்மாவு உதிர்ந்து உறைக்குள் கொட்டும், அரிசிமாவுக்கு எறும்பு வரும். கருநீலம் அல்லது காவி அட்டையில் வெள்ளை ஜெல் பேனா போதும். புள்ளிதான் முக்கியம். கிராஃப் தாளில் 8 மி.மீ. இடைவெளியில் 7 புள்ளி வைத்தால் கோலம் 48 மி.மீ. அகலத்துக்கு அடங்கும். அந்தத் தாளை அட்டைமேல் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் லேசாகக் குத்தி அடையாளம் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் புள்ளி வைத்தால் அழிக்கும்போது வெள்ளை மையும் சேர்ந்து இழுபடும். சிக்குக்கோலத்தின் வளைவை நிறுத்தாமல் மெதுவாக இழுங்கள். நின்ற இடத்தில் மை திட்டாகிவிடும்.

ஈரோட்டிலிருந்து, ஒரு ஆசிரியை: நாலாம் வகுப்பில் 40 பிள்ளைகள். கத்தி கொடுக்காமல் என்ன செய்ய வைக்கலாம்?

வெண்டைக்காய் அச்சு. காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ அப்படியே விழும். வெட்டின உடனே அச்சு வைத்தால் வழவழப்பில் நிறம் ஒட்டாது. அரைமணி முன்னால் நீங்களே வெட்டி, துணியில் ஒற்றி வையுங்கள். போஸ்டர் கலரைக் கரைத்து ஊற்றாதீர்கள், நனைத்த ஸ்பாஞ்சில் கெட்டியாகத் தடவி அதில் காயை ஒற்றச் சொல்லுங்கள். 20 ஏ4 தாள் போதும், கெடுவதற்கு இன்னும் 4 சேர்த்து வாங்குங்கள்.

கோவையிலிருந்து: காப்புக்கட்டும் ஆவாரம்பூவையே ஒட்டினால் நன்றாக இருக்குமே?

மிக அழகாக இருக்கும். ஆனால் பச்சையாக ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் ஏறி பனி காய்ந்த பிறகு பறியுங்கள். கொத்தாக வைக்காமல் தனித்தனிப் பூவாகச் செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி, மேலே பாரம் வையுங்கள். முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றணும், ஈரம் தாளிலேயே தங்கினால்தான் மஞ்சள் பழுப்பாகிறது. பத்து நாளில் தயார். வேப்பிலையும் இதே மாதிரி நன்றாக வரும். பூளைப்பூ உதிரும், விட்டுவிடுங்கள். செம்பருத்தியும் வேண்டாம், நீர் அதிகம்.

வெளிநாட்டுக்கு என்றால் பூ, விதை, வைக்கோல் எதுவும் ஒட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தாவரப் பொருளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது, அட்டையை நிறுத்திவிடலாம். அங்கே வரைந்த ஆவாரம்பூவே போகட்டும்.

சென்னையிலிருந்து: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? திருவள்ளுவர் ஆண்டு எப்படிப் போடுவது?

வாழ்த்துகள். ‘கள்’ விகுதி சேரும்போது அங்கே ஒற்று வேண்டாம். திருவள்ளுவர் ஆண்டுக்கு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள். 2026 தைக்கு 2057.

தஞ்சாவூரிலிருந்து: பெரியப்பா வீட்டில் போன ஆடியில் துக்கம். அவர்களுக்கும் அனுப்பலாமா?

அந்த வீட்டில் இந்த வருஷம் பொங்கல் இல்லை, அதனால் பொங்கல் வாழ்த்து வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் அட்டை வரும் நாளில் அவர்களுக்கு மட்டும் ஒன்றும் வராமல் இருப்பதும் வருத்தம்தான். வெள்ளை அட்டையில் ஒரு அகல் மட்டும் வரைந்து, “பெரியப்பாவுக்கு வணக்கம். உங்கள் நினைவாகவே இருக்கிறோம், தை பிறந்ததும் நேரில் வருகிறோம்” என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். மினுக்குத் தூளும் சிவப்பும் வேண்டாம். எழுதினபடி போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, பனையோலையில முகப்புச் செய்யலாமோ? பசை பிடிக்குதில்லை.

தாராளமாகச் செய்யலாம். ஓலையின் மேல்பரப்பு வழவழப்பானது, தண்ணீர்ப் பசை அதில் ஊறாது. ஒட்டுவதை விட்டுத் தைத்துவிடுங்கள். நிழலில் உலர்த்திய குருத்தோலையை அட்டையைவிட 10 மி.மீ. சிறிதாக நறுக்கி, முதலில் ஊசியால் துளையிட்டு, பிறகு கெட்டி நூலால் நாலு மூலையிலும் இரண்டிரண்டு தையல். துளைகள் 6 மி.மீ.-க்கு மேல் தள்ளி இருக்கட்டும், நெருங்கினால் நரம்போடு பிளக்கும். காய்ந்து மொரமொரப்பாக இருந்தால் ஈரத்துணியில் பத்து நிமிஷம் சுற்றிவைத்து எடுத்துத் தையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: உறையும் நானே செய்யலாமா? தபாலுக்கு எவ்வளவு ஸ்டாம்ப்?

ஒரு ஏ4 தாளில் ஒரு உறை வரும். 192 × 264 மி.மீ. வெட்டுங்கள். அகலத்தில் இரண்டு பக்கமும் 15 மி.மீ. மடித்தால் நடுவில் 162. உயரத்தில் கீழிருந்து 105 பின்பக்கம், 114 முகப்பு, 45 மூடி. பின்பக்கத்துக்கும் மூடிக்கும் நேராக உள்ள 15 மி.மீ. பட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு, முகப்பின் பட்டைகளில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள்.

எடையைத் தாளின் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 300 ஜி.எஸ்.எம். பாதித் தாள் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல், 80 ஜி.எஸ்.எம். உறை 4 கிராம். சாதாரண அட்டை 20 கிராமுக்குள் அடங்கும், 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். எழுந்து நிற்கும் பானையும் அலங்காரமும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும், இன்னொரு 5 ரூபாய் ஒட்டணும். குறைத்து ஒட்டினால் குறைந்த தொகையின் இரண்டு மடங்கை வாங்குபவரிடம் கேட்பார்கள். சமையலறைத் தராசு இருந்தால் அதிலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். மணி, பொத்தான் மாதிரி புடைப்பான எதையும் தபாலில் போகும் அட்டையில் ஒட்டாதீர்கள். முத்திரை குத்தும்போது நொறுங்கும், உறையும் கிழியும். ஜனவரி 5-க்குள் பெட்டியில் போட்டுவிட்டால் போகிக்கு முன் போய்ச் சேர நேரம் இருக்கும்.