தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியை வேலை, மாதம் 22,000 பாட்: கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த என் தங்கைக்குத் தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைக்கும் போலிருக்கிறது. சம்பளம் மாதம் 22,000 பாட். முதன்முறையாக வெளிநாடு போகிறாள். செலவு போக வீட்டுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்சும். எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு, வருடத்தில் எத்தனை மாதம் அந்தச் சம்பளம் வரும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் முதல் வேலை தேடுபவர்கள் எல்லோரும் மாதச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும் பணத்தைத் தீர்மானிப்பதோ ஒப்பந்தத்தில் உள்ள மாதங்களின் எண்ணிக்கையும், முதல் சம்பளம் வரும்வரை கையில் உள்ள தொகையும்தான்.

நான் கற்பித்தது நக்கோன் பதோமில் ஓர் அரசுப் பள்ளியில். பாங்காக்குக்கு மேற்கே, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள நடுத்தர ஊர் அது. கீழே சொல்லும் கணக்கு அங்கே வாழ்ந்த கணக்கு. பாங்காக் என்றால் வாடகையையும் பயணச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் தேடினால் 35,000, 40,000 பாட் என்றெல்லாம் கண்ணில் படும். அந்தத் தொகைகள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானவை. அரசுப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ், இந்திய ஆசிரியர்களுக்கு 18,000 முதல் 25,000 வரைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. தென்கொரியா இன்னும் கண்டிப்பானது. அங்கே ஆங்கிலப் பயிற்றுநர்களுக்கான இ-2 விசா பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டவருக்கே கிடைக்கிறது. ஆகவே தங்கை படிக்கும் கட்டுரையை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேறுபாடு எனக்கு இன்றும் வேதனை தருகிறது. காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்கும் முறை எல்லா ஆசிரியர்களுக்கும் ஒன்றுதான். எட்டு மணிக்குக் கொடியேற்றம், அதன்பின் வகுப்பு, அதே பாடநூல், அதே விடைத்தாள் கட்டு. சம்பளம் மட்டும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து மாறுகிறது. பி.எட். முடித்து, இலக்கணத்தைப் படிப்படியாகச் சொல்லித் தரத் தெரிந்த ஒருவரைவிட, ஏதோ ஒரு பட்டத்தோடு சுற்றிப் பார்க்க வந்த இளைஞருக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பது நியாயமே இல்லை. ஆனால் நியாயம் வேறு, கணக்கு வேறு. தங்கை கிளம்புமுன் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். உடன் வேலை பார்க்கும் தாய்லாந்து ஆசிரியர்களின் தொடக்கச் சம்பளம் சில ஆண்டுகளுக்கு முன்புவரை 15,000 பாட்டைச் சற்றே தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊருக்கு அது குறைந்த சம்பளம் அல்ல. அதில் குடும்பம் நடத்துபவர்கள் பக்கத்து மேசையிலேயே இருப்பார்கள்.

இனி மாதக் கணக்கு. 22,000 பாட்டுக்கு வருமான வரி பிடிக்க வழியில்லை. ஆண்டுக்கு 2,64,000. அதில் செலவுக் கழிவாக 1,00,000, தனிநபர் கழிவாக 60,000 போனால் மீதி 1,04,000. முதல் 1,50,000 வரை வரி கிடையாது. சமூகப் பாதுகாப்பு நிதிக்கு என்னிடம் மாதம் 750 பாட் பிடித்தார்கள். அதை வீண் என்று நினைக்கக் கூடாது. மூன்று மாதம் கட்டிய பிறகு, நமக்கென்று பதிவான மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். தனியார் பள்ளிகளில் இதற்கு வேறு நிதி உண்டு.

கைக்கு வருவது 21,250. அறை வாடகை 3,500, தண்ணீரும் மின்சாரமும் 1,000, சாப்பாடு 5,500, போன் 300, உள்ளூர்ப் பயணம் 1,200, சோப்பு முதல் உடுப்பு வரை 1,000, மாதத்தில் ஓரிரு முறை பாங்காக் போய்வர 1,000. மொத்தம் 13,500. மீதி 7,750 பாட், நம் பணத்தில் ஏறக்குறைய 19,000 ரூபாய். சிக்கனமாக இருந்தால்தான் இது. கஷ்டப்பட்டு வாழ்வதாக யாரும் சொல்லமாட்டார்கள். அதேசமயம் கடற்கரைத் தீவுகளுக்கு விடுமுறைதோறும் போவதற்கும் இதில் இடமில்லை.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாதக் கடைசியில் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். ஒரு மாதத்துச் சீட்டு இப்படி: வாடகை 3,500. தண்ணீர் குறைந்தபட்சக் கட்டணம் 100. மின்சாரம் 118 யூனிட், யூனிட்டுக்கு 7 பாட், 826. மொத்தம் 4,426. மின்வாரியக் கட்டணம் யூனிட்டுக்கு நான்கு பாட்டை ஒட்டித்தான் இருக்கும். மீதி கட்டட உரிமையாளருக்கு. வாடகை குறைவாகத் தெரியும் அறைகளில் பலவும் இந்த இடத்தில்தான் சம்பாதிக்கின்றன. மே மாத வெயிலில் இரவு முழுக்க ஏ.சி. ஓடினால் சீட்டில் உள்ள மின்சாரத் தொகை இரட்டிப்பாகும். அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்டவுடன் அடுத்த கேள்வியாக யூனிட் விலையைக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அறைகளில் பெரும்பாலும் சமையலறை இருக்காது. கட்டில், அலமாரி, குளியலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் வெளியில் வாங்கியே சாப்பிடுகிறார்கள். சோறும் இரண்டு கறியும் 50, 60 பாட்டுக்குக் கிடைக்கும்போது அது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. தங்கை சைவம் என்றால் நிலைமை வேறு. காய்கறி வறுவலில்கூட மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடைகளில் தைரியமாகச் சாப்பிடலாம், ஆனால் அவை எல்லாத் தெருவிலும் இல்லை. மின்சார அரிசிக் குக்கர் ஒன்றும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றும் முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு நான் பாங்காக்கின் பாஹுராட் பகுதிக்குப் போவேன். அப்படியே சீலோம் சாலையில் நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் போய்வருவேன். மேலே சொன்ன 1,000 பாட் அதற்குத்தான். மனம் சோர்ந்த மாதங்களில் அந்தச் செலவை நான் ஒருபோதும் குறைத்ததில்லை.

இப்போது முக்கியமான இடம். தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இடையில் அக்டோபரில் ஒரு விடுமுறை. பள்ளி நேரடியாக எடுத்தால் பெரும்பாலும் பன்னிரண்டு மாதச் சம்பளம் உண்டு. இடையில் ஒரு ஏஜென்சி இருந்தால் பத்து அல்லது பதினொரு மாதம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். வயிற்றுக்கும் வாடகைக்கும் விடுமுறை கிடையாது அல்லவா. பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் மேற்சொன்ன கணக்குப்படி ஆண்டுக்கு 93,000 பாட் மிஞ்சும். பத்து மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது 50,500 மட்டுமே. ஊருக்கு வந்துபோகும் விமானக் கட்டணத்தையும் அதில் கழித்தால் என்ன நிற்கும் என்று பாருங்கள். 20,000 பாட் சம்பளத்தில் பன்னிரண்டு மாத ஒப்பந்தம், 22,000 பாட் சம்பளத்தில் பத்து மாத ஒப்பந்தம், இரண்டும் கையில் இருந்தால் தயங்காமல் முதலாவதை எடுக்கச் சொல்வேன். ஆண்டு முடிவில் அதில்தான் 20,000 பாட்டுக்கு அருகில் கூடுதலாக வரும்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கான வேலை அனுமதிச் சீட்டின் கட்டணம் 3,000 பாட், தங்கும் அனுமதி நீட்டிப்புக்கு 1,900 பாட். இவற்றை யார் கட்டுவது? விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மறுநுழைவு அனுமதி வாங்காமல் கிளம்பினால் விசாவே ரத்தாகிவிடும். ஒருமுறைக்கானது 1,000 பாட். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, தவறினால் அபராதம் உண்டு. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை வைப்புத்தொகையாகப் பிடித்து வைக்கும் வழக்கம் சில ஏஜென்சிகளில் இருக்கிறது. அந்த வரி கண்ணில் பட்டால், எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

முதல் சம்பளத்துக்கு முந்தைய நாட்களுக்கு வருகிறேன். மே மாத நடுவில் சேர்ந்தால் அந்த மாதம் பாதிச் சம்பளமே வரும். அறைக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்துக் கேட்பார்கள். 3,500 வாடகைக்கு 10,500 பாட் அன்றைக்கே போய்விடும். குக்கர், அடுப்பு, போர்வை, வாளி, பள்ளிக்கு ஏற்ற முழங்கால் மறைக்கும் பாவாடைகள், சம்பளம் வரும்வரை சாப்பாடு. விமான டிக்கெட்டும் விசாச் செலவும் போக 30,000 பாட், அதாவது 75,000 ரூபாய் தங்கையின் கையில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். மாதம் ஏழாயிரம் பாட் மிச்சம் பிடிக்கும் வேலை வட்டியைத் தாங்காது. ஒரு வருடம் ஊரிலேயே வேலை பார்த்துச் சேமித்துவிட்டுப் போனாலும் இந்த வேலை எங்கும் ஓடிவிடாது.

ஊரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். பள்ளிகள் ஆசிரியர்களை நேர்காணல் செய்து இலவசமாகவே எடுக்கின்றன. 2023 நவம்பரில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தாய்லாந்து விசா விலக்கு அளிக்கத் தொடங்கியதிலிருந்து, ‘முதலில் சும்மா வந்து இறங்குங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வோர் பெருகிவிட்டார்கள். சுற்றுலாவுக்கான அனுமதியில் வகுப்பெடுப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் ஆசிரியருக்கும் தண்டனை உண்டு. தாய்லாந்து வேலை என்று நம்பிக் கிளம்பி எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் செய்தியை 2022இல் நாம் எல்லோரும் படித்தோம். பள்ளியின் பெயரும், அதன் கையெழுத்திட்ட கடிதமும், ‘நான்-இமிகிரண்ட் பி’ (Non-Immigrant B) என்ற வேலை விசாவுக்கான ஆவணங்களும் கைக்கு வராமல் அவளை விமானம் ஏற்றாதீர்கள்.

தங்கையின் பி.எட். பெரிய பலம். ஆசிரியர் உரிமத்தை வழங்கும் அமைப்பான குருசபாவிடம், கல்வியியல் பட்டம் இல்லாதவர்கள் தற்காலிக அனுமதிக்கே அலைய வேண்டியிருக்கும். பி.எட். உள்ளவருக்கு அந்தப் பாதை எளிது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களிடம் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது பல பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. அதை முன்பே எழுதி வைப்பது நல்லது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைக் கடிதம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கும் காவல்துறைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கட்டும். இதில் பல்கலைக்கழகக் கடிதம்தான் நாட்களை இழுக்கும்.

பள்ளிப் படிப்பில் கணக்கோ அறிவியலோ நன்றாகப் படித்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘இங்கிலீஷ் புரோகிராம்’ என்ற பிரிவு உள்ள பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கு அந்தப் பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்த ஆள் தேடுகிறார்கள், அங்கே பாஸ்போர்ட்டைவிடக் கற்பிக்கும் திறனைப் பார்க்கிறார்கள், சம்பளமும் கூடுதல். இந்திய ஆசிரியர்கள் மதிப்போடு வேலை பார்ப்பதை நான் அதிகம் கண்டது அங்கேதான். மாலை டியூஷன் எடுத்து ஈடுகட்டலாம் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். வேலை அனுமதி அந்தப் பள்ளி வேலைக்கானது.

புதிய பள்ளி ஆண்டுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆள் எடுக்கிறார்கள். இரண்டாம் பருவம் நவம்பரில் தொடங்குவதால் செப்டம்பரில் இன்னொரு சுற்று வரும். இந்தப் பள்ளி பத்து மாதத்துக்கு மேல் தர மறுத்தால், அடுத்த சுற்றில் வேறு பள்ளி பார்க்க நேரம் இருக்கிறது.