ரவுட்டரைக் கழற்றிப் போடும் பையன்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் மூன்றாம் ஆண்டு இசிஇ, இரண்டு அரியர், ராத்திரி முழுக்கப் பழைய ரவுட்டரோடு மல்லுக்கட்டுகிறான், கேட்டால் “எம்டியு” என்கிறான். இதில் வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை.

முதலில் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். கம்பி வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகும். ஒரு பொட்டலத்துக்குள், அதாவது ஃபிரேமுக்குள், வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட் சரக்கு போகும். அந்த வரம்புதான் எம்டியு. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் லாகின் செய்யப் பயன்படும் பிபிபிஓஇ என்ற முறை அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால், மிஞ்சுவது 1492. முழு 1500 வேண்டுமென்றால் அடியில் இருக்கும் ஈதர்நெட் 1508 சுமக்க வேண்டும். அதற்கான வழிமுறை 2006-லேயே வந்துவிட்டது. ஆனால் ரவுட்டரின் டிரைவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! (டிரைவர் என்றால் சிப்பையும், ரவுட்டருக்குள் ஓடும் இயங்குதளமான லினக்ஸையும் பேசவைக்கும் நிரல்.) டிரைவர் எழுதியவர் உச்சவரம்பைத் தனியாகச் சொல்லாமல் விட்டால், லினக்ஸ் அதை 1500 என்றே வைத்துக்கொள்ளும். சிப்பால் 2000 முடிந்தாலும் பலனில்லை.

அந்த எண்ணை மாற்றுவது ஒரே வரி வேலைதான். விஷயம் அதற்கு அப்புறம். ஃபிரேமை வாங்கி வைக்கும் பஃபருக்கு அவ்வளவு இடம் இருக்கிறதா, சிப்பின் ரிஜிஸ்டரில் (சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) இருக்கும் அளவு வரம்பையும் உயர்த்தியாயிற்றா, வீலான் டேக் (ஒரே கம்பியில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) கூட்டும் 4 பைட்டைக் கணக்கில் சேர்த்தானா? பஃபரில் கோட்டைவிட்டால் பக்கத்து நினைவகமே கெட்டுப்போகலாம். இதையெல்லாம் அவன் தாளில் படம் போட்டு விளக்கினால், என் கணக்கில் அது நாலு சான்றிதழுக்குச் சமம். இணையத்தில் பார்த்து எண்ணை மட்டும் மாற்றியிருந்தால், அது வெறும் பொழுதுபோக்கு.

வேலை இருக்கிறது. ரவுட்டர், தொலைத்தொடர்புக் கருவி, சிப் செய்யும் நிறுவனங்கள் எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) தெரிந்த ஆட்களைச் சென்னையிலும் பெங்களூரிலும் எடுக்கின்றன. சி மொழி கைவந்திருக்க வேண்டும். ஃபிரெஷர் இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். செய்த திருத்தத்தை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலும் ஏன் என்று காரணம் எழுதுவார்கள்; இன்டர்வியூவில் அதையே பேசலாம்.

அரியர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கேம்பஸில் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் உள்ளேயே விடாது. நவம்பர் தேர்வு முடியும்வரை ரவுட்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேசி முடியுங்கள். பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள்.

சோதனைக்குப் பழைய ரவுட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும். வீட்டு இணைப்பில் கை வைத்தால் உங்கள் சீரியல் நின்றுபோகும்.