பிஎச்டிக்குப் பிறகு மரபணுப் பரிசோதனைக் கூடப் பயிற்சி: அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் முன்

"பிஎச்டி முடித்த பிறகும் இரண்டு வருஷம் பயிற்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் விரும்புவது போஸ்ட்டாக் எனப்படும் வழக்கமான முனைவர்-பின் ஆய்வுப்பணி அல்ல. அதில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கு உழைத்துக் கட்டுரை வெளியிடுவார்கள். எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அவர் விரும்புவது, நோயாளிகளின் மரபணுப் பரிசோதனைக் கூடத்தை நடத்தக் கற்றுத்தரும் ஃபெலோஷிப். அமெரிக்காவில் அதற்கு 'லேபரட்டரி ஜெனெடிக்ஸ் அண்ட் ஜீனோமிக்ஸ்' என்று பெயர். காலம் 24 மாதம். முடித்தபின், மருத்துவ மரபியலில் சான்று வழங்கும் ஏபிஎம்ஜிஜி வாரியத்தின் பொதுத் தேர்வு, சிறப்புத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். நோயாளியின் மரபணு அறிக்கையில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் பதவிகளுக்கு இதுதான் வாசல். அங்கு மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான கிளியா விதிகளின்படி, சிக்கலான பரிசோதனைகள் நடக்கும் கூடத்துக்கு இயக்குநராக பிஎச்டி மட்டும் போதாது, வாரியச் சான்றும் வேண்டும்.

பலர் சறுக்குவது தொடக்கத்திலேயே. பிஎச்டி மரபியலிலோ அதையொட்டிய துறையிலோ இருக்க வேண்டும். எது ஒட்டிய துறை என்பதை வாரியமே முடிவு செய்யும். இந்தியப் பட்டமென்றால் அதை மதிப்பீடு செய்து வாரியத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து சான்றுகள் வந்துசேர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு இந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மையங்கள் ஆண்டுக்கு ஓரிருவரைத்தான் எடுக்கின்றன. ஒரே ஊரைக் குறிவைக்காமல் பரவலாக விண்ணப்பிக்க வேண்டும்.

நேர்காணலில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகலாக்கும் முறை) செய்யத் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள். இப்படிக் கேட்கலாம்: வலிப்பு வரும் குழந்தைக்கு எஸ்சிஎன்1ஏ மரபணுவில் ஒரு மாற்றம், மக்கள்தொகைத் தரவுத்தளமான நோமேடில் அது இல்லை. அறிக்கையில் என்ன எழுதுவாய்? அரிதாக இருப்பதாலேயே அது நோய்க்குக் காரணமாகிவிடாது. பெற்றோர் இருவரையும் சோதித்து, இருவரிடமும் இல்லை, பெற்றோர் இவர்களேதான் என்றும் உறுதியானால் சான்று வலுக்கும். அதுவரை, வேறு வலுவான சான்றும் இல்லையென்றால், 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்றே நிறுத்துவதுதான் நேர்மை. அமெரிக்காவின் இரு துறை அமைப்புகள் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஏசிஎம்ஜி-ஏஎம்பி வழிகாட்டி, மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதை வரிவரியாகப் படித்திருப்பவருக்கும் மேலோட்டமாகப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பயிற்சியில் குரோமோசோம் பகுப்பாய்வு, ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் குரோமோசோமின் குறிப்பிட்ட பகுதியைக் காண்பது), மைக்ரோஅரே (டிஎன்ஏ கூடுதல், குறைவுகளைக் காட்டும் சில்லு), என்ஜிஎஸ் (பல மரபணுக்களை ஒரேநேரத்தில் வாசிக்கும் முறை) எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் எதைத் தவறவிடும் என்பதே முக்கியமான பாடம். குரோமோசோம் துண்டுகள் அளவு கூடாமல் குறையாமல் இடம் மட்டும் மாறியிருந்தால் மைக்ரோஅரே காட்டாது. அதற்குப் பொதுவாக 20 செல்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய கேரியோடைப்தான் கைகொடுக்கும். பனிக்குட நீர் மாதிரியில் தாயின் செல்கள் கலந்துவிட்டால் தாயின் முடிவே குழந்தையின் முடிவாக வெளியேறிவிடும். அதனால்தான் தாயின் ரத்தத்தையும் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஆள் மாறுபடும் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளங்களை ஒப்பிடுகிறார்கள்.

மகள் இப்போதே செய்யக்கூடியது: மரபணுப் பரிசோதனை நடக்கும் மருத்துவமனைக் கூடத்தில் சில மாதம் வேலை பார்ப்பது. ஆய்வுக்கூட அனுபவம் மட்டும் உள்ள விண்ணப்பங்களுக்கு நடுவே அது தனித்துத் தெரியும். விசாவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில மையங்கள் ஜே-1 என்ற பரிமாற்றப் பார்வையாளர் விசாவுக்கு மட்டுமே ஏற்பாடு செய்யும். சிலருக்கு அதில் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் தங்கும் நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். பின்னால் நியூயார்க்கிலோ கலிஃபோர்னியாவிலோ இயக்குநராக வேண்டுமானால் அந்த மாநிலங்களின் தனித் தகுதிச் சான்றோ உரிமமோ தேவைப்படும்.